குண்டு போட்டவனின் தங்கை

என் மகள் விமானப்படைக்குப் போகிறாள். கட்டாயத்தில் அல்ல. டென்மார்க்கில் இப்போது பதினெட்டு வயதான பெண் பிள்ளைகளும் ஒரு நாள் போய்ச் சீட்டு இழுக்க வேண்டும். பெரிய இலக்கம் வந்தால் படைக்குப் போகத் தேவையில்லை. அவளுக்குப் பெரிய இலக்கம்தான் வந்தது. தொலைபேசியில் அதைச் சொன்னபோது நான் சமையலறையில் நின்றபடியே கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு டேனிஷில், "ஆனால் நான் கையெழுத்து வைத்துவிட்டேன் அம்மா. விரும்பித்தான் போகிறேன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகமாகவே இருக்கிறது. எஸ்பியர்க் நகரத்தில் நாங்கள் முதலில் இருந்த குடியிருப்பில் கீழ் வீட்டுக்காரி. இங்கிலாந்தில் பிறந்தவர், டேனிஷ் மீனவர் ஒருவரைக் கட்டி இங்கே தங்கியவர். நான் பழகிய காலத்தில் அறுபது கடந்த விதவை. இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பெயரை எழுத மாட்டேன். "ஒரு வீட்டில ஒரு பெயர் கல்லில இருந்தாக் காணும்" என்பார். கல்லறைக் கல்லில் இருந்தது அவருடைய அண்ணன் பெயர்.

அவர் என்னோடு கதைத்தது பாதி ஆங்கிலம், பாதி டேனிஷ். நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் அவருடைய டேனிஷ் என்னுடையதைவிட மோசம். கடைக்காரர்கள் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி, காது கேளாதவர்களுக்குச் சொல்வதுபோல உரத்துப் பேசுவார்கள். இன்று யோசிக்கும்போது அவர் பேசியதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய அண்ணன் இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு போடும் விமானத்தில் இருந்தவன். இருபது வயது. விமானத்தின் மூக்குப் பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே பார்த்து, இடது, வலது என்று விமானிக்குச் சொல்லி, இடம் வந்ததும் பொத்தானை அமத்துவது அவன் வேலை. ஒரு ஜெர்மன் நகரத்தின் மேல் அதைச் செய்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் சுட்டு விழுத்தினார்கள். உடல் எஸ்பியர்க் பக்கத்துக் கரையில் ஒதுங்கியது. எங்கள் நகரத்து மயானத்தில், அவனைப் போன்ற விமானக்காரர்களின் வரிசையில் அவனும் இருக்கிறான்.

மே நாலாம் திகதி பின்னேரம் இங்கே வீடுகளின் ஜன்னல்களில் மெழுகுதிரி எரியும். ஜெர்மன்காரர் போன நாளின் நினைவு. மயானத்திலும் கூட்டம் நடக்கும். கொடி, மலர்வளையம், சீருடைக்காரர், பாட்டுப் பாடப் பள்ளிப் பிள்ளைகள். இரத்த உறவு என்று வேறொருவரும் இல்லாததால் இவரை முன் வரிசையில் இருத்துவார்கள். பேச வந்தவர், "இவர்கள் எங்கள் விடுதலைக்காகத் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள்" என்று சொன்னதும் இவர் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

"கொடுக்கேல்லை. பறிச்சவங்கள். இவனும் கன பேரின்ர உயிரைப் பறிச்சவன். இரண்டையும் சொல்லுங்கோ."

டேனிஷ்காரர் சங்கடப்பட்டால் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். அத்தனை பேரும் சப்பாத்தைப் பார்ப்பார்கள். பாட்டு அவசரமாகத் தொடங்கும். ஒரு வருடம் அவருடைய கதிரையை இரண்டாம் வரிசையில் வைத்திருந்தார்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு வருடம் ஏற்பாட்டாளர் வீட்டுக்கே வந்து, கூட்டம் முடிந்த பிறகு கோப்பிக்கு மட்டும் வரலாமே என்று பணிவாகக் கேட்டார். "கோப்பி குடிக்க நான் கோப்பிக் கடைக்குப் போவன்" என்று கதவைச் சாத்தினார்.

நான் அவரை முதலில் பார்த்தது மயானத்தில் அல்ல, உடுப்புத் தோய்க்கும் நிலவறையில். நான் டென்மார்க்குக்கு வந்த முதல் வசந்தகாலம். மே மாதத்து முதல் புதன்கிழமை மதியம் இந்த நாடு முழுவதும் அபாயச் சங்கை ஊதிப் பரிசோதிப்பார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். சங்கு ஊதியதும் அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். நிலவறையில் உடுப்பு மடிக்கிற மேசைக்குக் கீழே புகுந்து காதைப் பொத்திக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே கம்பளிக் காலுறை போட்ட இரண்டு கால். கவிழ்த்து வைத்த கூடையின் மேல் அவர் இருந்தார்.

"உது சோதனைதான்" என்றார்.

"தெரியும்" என்று பொய் சொன்னேன்.

"அப்ப ஏன் மேசைக்குக் கீழ இருக்கிறாய்?"

"நீங்கள் ஏன் இஞ்ச இருக்கிறியள்?"

"உடுப்புத் தோய்க்கிறன்."

மெஷின் ஓடவில்லை. அதற்குள் உடுப்பும் இல்லை. சங்கு ஓயும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். பிறகு எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். "அங்க மேல இருந்து போட்டவங்களோ?" என்றார். ஓம் என்றேன். மற்றவர்கள் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல, "என்ர அண்ணனும் போட்டவன்" என்றார். மேலே என் சோறு கருகி மணத்தது. அவரே ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

அண்ணனைப் புனிதனாக்கவும் விடமாட்டார், பேயாக்கவும் விடமாட்டார். அவன் தன்னுடைய சைக்கிள் விளக்கைக் களவெடுத்துச் சிகரெட்டுக்கு மாற்றியதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோபம் வரச் சொல்வார். ராட்டினத்தில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி எடுப்பானாம். "அவனை விமானத்தில ஏத்தினவங்களுக்கு மூளை இருந்திருக்குமோ?" என்பார். லீவில் வந்த ஒரு நாள், தாய் பங்கீட்டுச் சீனியை மிச்சம் பிடித்து இனிப்புச் செய்து கொடுத்தாராம். சாப்பிட்டுக்கொண்டே, மேலிருந்து பார்க்க நகரம் எரிவது வடிவாக இருக்கும் என்று தங்கைக்கு மெல்லச் சொன்னானாம். சொல்லிவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டானாம். பிறகு சாப்பிடவில்லையாம்.

அவன் செத்த பிறகு அந்த வீட்டில் அவனுடைய படம் மட்டுமே பேசியது என்பார். தாய் ஒவ்வொரு நாளும் படத்தைத் துடைத்தார். தேவாலயத்தில் அவன் பெயரை வாசிக்கும்போது தகப்பன் எழுந்து நிற்பார். நகரம் எரிவது வடிவாக இருக்கும் என்று அவன் சொன்னதை இவர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார். தாய் எழுந்து வந்து வாயில் அடித்தார். "எங்கட வீட்டில செத்தவன் மட்டும்தான் இருந்தான். கொன்றவன் இருக்கேல்லை. கொன்றவனையும் எனக்குத் தெரியும், அவனும் என்ர அண்ணன்தான்" என்பார். கல்லறையைப் பார்க்கவென்று இருபது வயதில் எஸ்பியர்க்குக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்று மட்டும் எழுதினால் அது பொய். என் தம்பிக்கு விமானம் என்றால் உயிர். குண்டு போடும் பொம்மரா, ஹெலியா, சகடை என்ற சரக்கு விமானமா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். பதுங்குகுழியான பங்கருக்குள் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டான். குண்டு விழுந்த அன்றும் வெளியே போய்த் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பங்கர் வாசலில் இருந்து நான் பார்த்த கடைசித் தம்பி, வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிதான்.

இதை ஒரு நாள் அவருடைய சமையலறையில் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"மேல இருந்து ஒருத்தன் பார்த்துத்தானே அமத்தினவன். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள்" என்றேன்.

"இருப்பாள்."

"என்ர தம்பியை அள்ளிக் கட்டேக்க அவள் என்ன செய்துகொண்டிருந்திருப்பாள்?"

"அவனுக்குச் சாப்பாடு போட்டிருப்பாள்" என்றார்.

கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். பல நாள் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அவர் வரவில்லை. நிலவறையில் தோய்க்க என்னுடைய முறை வந்த நாளில், நான் கூடையில் வைத்துவிட்டு வந்த உடுப்புகள் தோய்த்து மடித்து இருந்தன. அவ்வளவுதான்.

ஊரில் என் அப்பா இறந்தபோது இங்கே மரண அறிவித்தல் நோட்டீஸ் அடித்தோம். என் மேசையில் கிடந்ததைக் கீழ் வீட்டுக்காரி பார்த்து, வாசித்துக் காட்டச் சொன்னார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரனும், இன்னாரின் மைத்துனரும் ஆவார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"உங்கட ஆக்கள் செத்தவன் ஆரார்க்கு என்னென்ன முறை எண்டு முழுக்கச் சொல்லுறியள்! எங்களிலை ஒரு பெயரும் இரண்டு வருசமும்தான். என்ர அண்ணனுக்கும் இப்பிடி ஒண்டு எழுது."

எழுதினேன். இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், எஸ்பியர்க் மயானத்தை நிரந்தர வதிவிடமாகவும் கொண்டவர். அதைக் கேட்டு அடக்க முடியாமல் சிரித்தார். "சரிதான், என்னைவிட அவன்தான் டென்மார்க்கில பழைய ஆள்." அன்பு மகனும், பாசமிகு அண்ணனும் என்று எழுதி முடிக்கப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"அவன்ர குண்டில செத்தவைக்கு அவன் என்ன முறை?"

"அதுக்கு முறை இல்லை."

"அப்ப அதையும் எழுது. பெயர் தெரியாத பலரைக் கொன்றவரும் ஆவார்."

எழுதினேன். சீருடையில் சிரிக்கும் அவனுடைய படத்தில் முகத்தை மட்டும் வெட்டி மேலே ஒட்டினோம். அதைத் தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வழக்கம்போலக் கீழே தொடர்புக்கு விலாசம் இருந்தது. இறந்த மாதமும் திகதியும் இருந்தன; அந்தத் திகதி அதே கிழமையில்தான் வந்திருந்தது. வருடத்தைப் போட எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் நோட்டீஸிலும் வருடம் போடவில்லை, எல்லோருக்கும் அது தெரிந்துதானே இருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானம் அவர் தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில், அதாவது என் தரையில், இடித்தார். இறங்கிப் போனேன். வரவேற்பறையில் மூன்று பேர். மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர், அவருடைய மனைவி, அவர்களோடு வந்திருந்த இன்னொரு பெண். மேசையில் பெரிய சோற்றுச் சட்டி.

"உன்ர ஆக்கள் சோறு கொண்டு வந்திருக்கினம். ஏன்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"செத்தவீட்டில அடுப்பு மூட்டிறேல்லை. அதுதான்."

"என்ர அடுப்பு ஐம்பது வருசமா எரியுது எண்டு சொல்லு!"

அண்ணை என் பக்கம் சாய்ந்து குசுகுசுத்தார். "பிள்ளை, ஆரோ எங்கட பெட்டையைக் கட்டின வெள்ளைப் பெடியன் போல எண்டு நினைச்சு வந்தனாங்கள். இல்லாட்டி ஏன் தமிழிலை நோட்டீஸ்?"

"கடைசி வரி வாசிக்கேல்லையோ அண்ணை?"

"கண்ணாடி கொண்டு போகேல்லை. விலாசம் மட்டும் இவ பார்த்தவ."

"நான் முகத்தைத்தான் பார்த்தனான். குழந்தைப் பிள்ளை மாதிரி" என்றார் அவருடைய மனைவி. பிறகு முறைப்படி குரலைத் தாழ்த்தி, "பெடியன் எப்பிடி மோசம் போனது? விபத்தோ?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொம்மரில இருந்தவன், குண்டு போட்டிட்டு வரேக்க விழுந்தவன் எண்டு சொல்லு. மழுப்பாமச் சொல்லு."

சொன்னேன். அந்த அறையில் குண்டுக்கு ஓடாதவர் ஒருவரும் இல்லை.

"பொம்மரோ?" என்றது மூன்றாவது ஆளாக வந்த அந்தப் பெண். மகளைக் குண்டில் பறிகொடுத்தவர். அவர் எழுந்து சோற்றுச் சட்டியின் மூடியை அழுத்தி மூடினார். தூக்கி இடுப்பில் வைத்தார். "இது பொம்மர்க்காரன் வீட்டுக்குக் காய்ச்சின சோறில்லை."

"பிள்ளை, விடு. இந்த மனுசி என்ன செய்தது?" என்றார் அண்ணை.

"நீங்கள் விடுங்கோ அண்ணை. உங்கட பிள்ளையள் மூண்டும் வீட்டில இருந்து வீடியோ பாக்குதுகள்."

கீழ் வீட்டுக்காரி என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுறா?"

மென்மையாக்கிச் சொல்ல ஆசையாக இருந்தது. என்னையே பார்த்த அந்த முகத்துக்கு முன்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. சொன்னபடியே சொன்னேன். அவர் எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து, சட்டி இடிபடாமல் விரியப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அவரைப் பார்க்காமல் கடந்து போனார். படி முடியும்வரை அவர் கதவைச் சாத்தவில்லை.

மிஞ்சிய இருவரும் சோறும் இல்லாமல், எழும்பிப் போகவும் தெரியாமல் இருந்தார்கள். கடைசியில் அண்ணை, "அந்தத் தம்பி என்ன படிச்சவர்?" என்று கேட்டு வைத்தார். அவர்களுக்கும் சைக்கிள் விளக்குக் கதை கிடைத்தது.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் அந்தப் பெண்ணைக் கண்டால் இவர் ஓரமாக ஒதுங்கி, அவர் கடந்து போகும்வரை நிற்பார். சிரிக்க முயன்றதில்லை. வணக்கம் சொன்னதில்லை. ஒரு நாள் பனியில் அப்படி நின்றதைப் பார்த்து, "ஏன் இந்த வீண் வேலை?" என்று எரிந்து விழுந்தேன். "அவவுக்கு ஒரு ஆளாவது வழிவிடட்டும்" என்றார்.

என் மகள் தவழ்ந்துகொண்டிருந்த வருடம் அவர் இறந்தார். மகளுக்கு அவரை ஞாபகம் இல்லை.

நேற்று, சனிக்கிழமை, எங்கள் சபையில் இருந்து செபிக்க வந்தார்கள். மகள் திங்கட்கிழமை போகிறாள். வந்தவர்கள் கேக் கொண்டு வந்திருந்தார்கள். பெருமையாக இருக்கிறது என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். எங்கள் பிள்ளை டேனிஷ் படையில்! பத்து வருடம் விசாவுக்கு அலைந்தவர்களுக்கு அது இனிக்கத்தான் செய்யும். கணவர், "அவள் விமானம் திருத்துற வேலைக்குத்தானே போறாள்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றார். பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து, அவளைச் சுற்றி அக்கினி மதில் கேட்டார், காவல் தூதர்களைக் கேட்டார், ஒரு மயிரும் உதிராமல் திரும்பி வரவேண்டும் என்று கேட்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். என்னைவிட யார் அதை அதிகம் கேட்பார்கள்? சொன்ன வாய் மூடவில்லை, கோபம் வந்தது.

"பாஸ்டர், இவள் திருத்திக் குடுக்கிற விமானத்தால ஒரு பிள்ளையும் சாகக்கூடாது எண்டும் செபியுங்கோ" என்றேன்.

அறையில் இருந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவர்கள். காலுறையைப் பார்த்தார்கள். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். மகள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு நானும் அங்கே போனேன். பையில் உடுப்புகளை எறிந்துகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் முன்னால என்னைக் கொலைகாரி எண்டிட்டாய்." கோபத்தில் அவளுக்குத் தமிழ் வரும்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப என்ன சொன்னனீ?"

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அண்ணனைப் பற்றி, சோற்றுச் சட்டியைப் பற்றி. பிறகு என் தம்பியைப் பற்றி. மாமா சண்டையில் செத்தவர் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எப்படி நின்றான் என்று நான் சொன்னதில்லை. அவள் கையில் இருந்த உடுப்பை மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

அந்த உடுப்பை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

"சரி, நான் ஒண்டு கேக்கிறன்" என்றாள். "அந்த இங்கிலிஷ்காரப் பெடியன் போகாமல் வீட்டில இருந்திருந்தால்? அவனை மாதிரி ஒருத்தரும் போகேல்லை எண்டு வை. இந்த நாட்டில ஆர் இருந்திருப்பினம்? உன்னை உள்ள விட்டிருப்பினமோ?"

"எனக்குத் தெரியாது."

"தெரியும் அம்மா. உனக்குத் தெரியும்."

தெரியும். அந்த வரிசையில் கிடப்பவர்களால்தான் எனக்கு இந்த ஜன்னலும் கதவும் கிடைத்தன என்று மயானத்தில் நின்ற ஒவ்வொரு வருடமும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதை அவளுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வது பல்லுப் பிடுங்குவதுபோல இருந்தது.

"ஓம்" என்றேன். "ஆரோ போகத்தான் வேணும்."

"அப்ப வேற ஆக்களின்ர பிள்ளையளோ போறது?"

"ஓம்" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன். "வேற ஆக்களின்ர பிள்ளையள்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவள் பையை இழுத்துப் பூட்டினாள். கட்டிலில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு டேனிஷுக்கு மாறி, மெதுவாகக் கேட்டாள்.

"கோபமா?"

"ஓம்."

"நான் பத்திரமாய்த் திரும்பி வந்தால் கோபம் போய்விடுமா?"

அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சூடான, பெரிய கை. ஸ்க்ரூ முறுக்கப் போகிற கை.

"நீ வரவேணும்" என்றேன். "வந்தாலும் போகாது."